படௌக்கின் முறை

மே சொட்,
27 அக்டோபர் 2023

அன்பும் மரியாதையும் நிறைந்த படௌக் அண்ணனுக்கு,

உங்கள் சேன் பான் எழுதுவது. நான் நலம். நீங்கள், அண்ணி, முக்கியமாக உங்கள் முதுகு, மூவரும் நலமா?

நாளை மறுநாள் ததிஞ்சுட் விளக்குத் திருநாள். முன்பெல்லாம் விளக்கேற்றியதும் உங்கள் முன்னால் மண்டியிட்டு, “செயலால, சொல்லால, மனசால செஞ்ச பிழையெல்லாம் பொறுக்கணும்” என்று கும்பிடுவேன். “சொல்லால செஞ்சதுக்குத்தான்டா நமக்குச் சம்பளமே” என்பீர்கள். இந்த வருடமும் நேரில் வர வழியில்லை. மந்தலே எந்தப் பக்கம் என்று அடுத்த அறைக்காரனைக் கேட்டேன். அவன் குளியலறையைக் காட்டினான். அங்கேயே திரும்பிக் கும்பிட்டுக்கொண்டேன்.

போனில் பேசினால் என்ன என்று அண்ணி கேட்பார். வழியெல்லாம் ராணுவச் சோதனையில் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்களாம். எல்லை தாண்டி வியாபாரம் செய்யும் நம் மா ட்வேயின் சோப்புத்தூள் மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவ எவனுக்கும் பொறுமை இருக்காது. அவள் போகும்போது என் கடிதம் சோப்பு மணக்கும், வரும்போது உங்கள் கடிதம் ஊறவைத்த தேயிலை மணக்கும். இரண்டும் நம் எழுத்தைவிட நல்ல வாசனைதான்.

இங்கே, எல்லைக்குத் தாய்லாந்துப் பக்கம், ஒரு தேநீர்க் கடையில் மாவுக்குச்சி பொரிக்கிறேன். என் அடையாள அட்டையில் இருக்கும் பெயர் வேறு எவனுடையதோ. வாரத்தில் ஆறு நாள் அவன்தான் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறான், திட்டு வாங்குகிறான், தூங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் ஒரு பயறு கிடங்கில் பலகை போட்டு மேடை கட்டுகிறார்கள். கோ ஸியா என்று ஒருவர், ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்கிறார். மேளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியும் அலுமினியச் சட்டியும். அந்த மேடையில் ஏறினால்தான் நான் சேன் பான் ஆகிறேன். ஆனால் ஏறி என்ன பயன்? நான் கேலி வரியை ஆரம்பிக்கிற கோமாளி, நீங்கள் முடிக்கிறவர். இருபது வருடமாக அப்படித்தானே பிழைத்தோம்?

போன ஞாயிறு, “எங்க ஊர்ல கரண்டு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வருது” என்று சொல்லிவிட்டுப் பழக்கத்தில் இடதுபக்கம் திரும்பினேன். அங்கே ஒரு பயற்று மூட்டை இருந்தது. மூட்டை பதில் சொல்லவில்லை. கூட்டமும் சிரிக்கவில்லை. ஒரு அம்மா மட்டும் பாவப்பட்டுக் கைதட்டினார்.

ஆட்டம் முடியும்போது உங்கள் முதுகில் தாவி ஏறுவேனே, நீங்கள் குதிரைபோலக் கனைத்துக்கொண்டு மேடையைச் சுற்றி வந்து என்னைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டுவீர்களே, அதை நினைத்தபடியே தனியாக மேடையை விட்டு இறங்கினேன். இருபது வருடம் ஏறி ஏறி அந்த முதுகைக் கெடுத்தவன் நான். கடைசியில் தெருவில் ராணுவத்தைக் கேலி செய்ததற்காகச் சிப்பாய்கள் என்னைத் தேடி வந்தபோது, “என் முதுகு காட்டு வழிக்கு ஆகாது, நீ ஓடு” என்று என்னைத் தள்ளிவிட்டதும் நீங்கள். நான் ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அண்ணே.

முதுகுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். அக்கா மா ஏ சீயை ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். அந்தக் கரண்டு கேலி வரிக்கு ஒரு முடிவு எழுதி அனுப்புங்கள்.

உங்கள் பாதம் பணியும் தம்பி,
சேன் பான்

—

மந்தலே,
19 நவம்பர் 2023

டேய் சேன் பான்,

குளியலறையைப் பார்த்துச் செய்த கும்பிடு வந்து சேர்ந்தது. கொஞ்சம் ஈரமாக இருந்தது. நோய் நொடி இல்லாமல், பல் கொட்டாமல், கூட்டம் குறையாமல் நீ நீடூழி வாழ்க. பல் மிக முக்கியம். பல் போன கோமாளியைப் பார்த்து ஜனம் பரிதாபப்படும். நம் பிழைப்பு அதோடு முடிந்தது.

உன் அக்காவைத் தினமும் காலையில் பார்க்கிறேன். சந்து முனையில் அதே இடத்தில் அதே மொஹிங்காக் கடை, அதே மீன்குழம்பு நூடுல்ஸ். நேற்று நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

“அவன் ஒழுங்கா சாப்புடுறானா?”

“எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்கிறானாம்.”

“சட்டி முன்னாடி நின்னா வயிறு ரொம்பிடுமா? நானுந்தான் நாள்பூரா மொஹிங்கா முன்னாடி நிக்கிறேன். பத்து மணிக்குப் பசி காதை அடைக்குது.”

உன் அக்கா மேடை ஏறியிருந்தால் நம் இருவருக்கும் வேலை இருந்திருக்காது.

கரண்டு வரியை இப்படி முடி. “கரண்டு இப்போ விருந்தாளி மாதிரி. உக்காருன்னு சொல்றதுக்குள்ள கெளம்பிடுது. நேத்து வந்தப்ப என் பொண்டாட்டி டீ போட உள்ள போனா. வெளிய வர்றதுக்குள்ள போயிடுச்சு. அந்த டீயை நான் குடிச்சேன். இந்த வருசம் அரசாங்கத்தால எனக்குக் கெடைச்ச லாபம் அந்த ஒரு டீ.”

சொல்லிவிட்டு மேளம் இரண்டு அடி அடிக்கும்வரை நில். வாளிக்காரனிடம் சொல், டக், டக், இரண்டு. கூட்டத்துக்குச் சிரிக்க அந்த இடம் வேண்டும். நீ எப்போதும் ஒரு அடியிலேயே பாய்ந்துவிடுவாய். இருபது வருடமாகச் சொல்கிறேன், உனக்குப் பொறுமை கிடையாது. சிரிப்பு வராதோ என்கிற பயத்தில் அடுத்த வரியை அள்ளிப் போடுகிறாய். நில். வரும்.

இன்னொன்றும் வைத்துக்கொள். பதக்கம் குத்திய தளபதிகளைப் பற்றியது. நீ ஆரம்பி: “நெஞ்சு நெறைய இத்தனை பதக்கத்தோட ஐராவதியில விழுந்தா மூழ்கிடுவாரே?” முடிவு: “ஆறு என்ன நம்மள மாதிரியா, சகிச்சுக்க? கரையில துப்பிட்டுப் போயிடும்.”

இதை இங்கே சொல்ல எனக்கு வாய் ஊறுகிறது. சொன்னால் வாயே இருக்காது. நீயாவது சொல்.

ஓடினதைப் பற்றி இனி எழுதாதே. இரண்டு பேரும் உள்ளே போயிருந்தால் ஒருத்தருக்கொருத்தர் சுவரைத் தட்டித்தான் கதை பேசியிருக்க வேண்டும். தைலம் நன்றாக எரிகிறது.

உன் அண்ணன்,
படௌக்

—

மே சொட்,
22 ஜனவரி 2024

அருமை அண்ணனுக்கு,

கூரை பறந்துவிட்டது! கரண்டு வரிக்கே கிடங்கு அதிர்ந்தது. பதக்க வரி சொல்லி இரண்டு அடி நின்றேன். முதல் அடிக்கு ஒரு சத்தமும் இல்லை. செத்தோம் என்று நினைத்தேன். இரண்டாவது அடிக்கு அவிழ்ந்தது பாருங்கள், தையல் ஆலைப் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரிக்கிறார்கள். மகனை ராணுவத்தோடு சண்டை போடக் காட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே தனியாக இருக்கும் ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டார். “ரெண்டு வருசமா சத்தம் போட்டுச் சிரிக்கவே இல்லைப்பா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கோ ஸியா அதைப் படம்பிடித்து இணையத்தில் போட, ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்டது. இப்போது மாவுக்குச்சி வாங்க வருகிறவர்கள்கூட, “ஆறு துப்பிடும்” என்று சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறார்கள். அட்டையில் இருக்கும் அந்த ஆள் அநேகமாகச் செத்துவிட்டான்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. ஒரு பெண் வந்து, “இந்த வரியெல்லாம் யார் எழுதுறா?” என்று கேட்டாள். நானே என்றேன். உங்கள் பெயரைச் சொல்ல முடியாது, அந்தப் பொய் அவசியம், எல்லாம் சரி. ஆனால் சொல்லும்போது இனித்தது, அண்ணே. அதுதான் தப்பு. வரி உங்களுடையது, பயம் உங்கள் சந்தில், கைதட்டு மட்டும் எனக்கு. இரண்டு நாளாகச் சோறு சரியாக இறங்கவில்லை. உங்களிடம் சொன்னால் இறங்கும் என்று எழுதுகிறேன்.

அடுத்த வரி அனுப்புங்கள்.

தம்பி,
சேன் பான்

—

மந்தலே,
10 மார்ச் 2024

டேய் சேன் பான்,

சோறு இறங்கட்டும். வாங்கின கைதட்டில் பாதியை எனக்காகக் காற்றில் விட்டுவிடு, வந்து சேரும்.

உன் அக்கா கடையை இப்போது என் வீட்டு வாசலுக்கு மாற்றிக்கொண்டாள். குழாய் பக்கத்தில் இருக்கிறது, வசதி. இரவும் இங்கேயே தங்குகிறாள். உன் அண்ணிக்குப் பேச்சுத்துணை. இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுவதால் எனக்குப் பாதி நேரம் மிச்சம். வேறு ஒன்றும் இல்லை, கற்பனையை ஓட்டாதே.

பதக்க வரி இங்கேயும் வந்து சேர்ந்தது. நன்றாகவே கேட்டது.

திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. முடிந்ததும் எழுதுகிறேன். அதுவரை பழைய வரிகளை வைத்து ஓட்டு.

படௌக்

—

மே சொட்,
20 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

தண்ணீர்த் திருவிழாவின் இரண்டாம் நாள் எல்லோருடைய போனிலும் ஒரே படம். அதிகாரிகள் கட்டிய பந்தல். முன்வரிசையில் அவர்கள் குடும்பத்தோடு நாற்காலியில். மேடையில் மஞ்சள் தலைப்பாகையோடு நீங்கள். ராணுவம் ஆட்சியைப் பிடித்த இந்த மூன்று வருடமாக ஊரே அந்தப் பந்தலுக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது. நம்மோடு ஆடிய பெண்களில் ஒருத்திகூட அங்கே கால் வைக்கவில்லை. அந்த மேடையில் நின்று மாமியார் வரி சொல்லிக் கொண்டிருக்கிறீர்கள்! அது நம் வரி, அண்ணே. நான் ஆரம்பிக்க வேண்டிய இடத்தையும் நீங்களே சொல்லி, நீங்களே முடித்துக்கொண்டீர்கள்.

“திஞ்ஜான் வந்துச்சு, படௌக் பூத்துடுச்சு” என்று, திருவிழாவுக்குப் பூக்கும் மரத்தோடு உங்கள் பெயரைச் சேர்த்து இங்கே எல்லோரும் கேலியாக எழுதுகிறார்கள். உங்கள் பெயரைப் போட்டு, இவனைப் பார்க்காதே, இவன் வீட்டில் வாங்காதே, விற்காதே என்று பரப்புகிறார்கள். எனக்குத் தெரிந்த படௌக் கட்டாயம் இல்லாமல் அங்கே நிற்கமாட்டார். என்ன கட்டாயம் என்று எழுதுங்கள். மே 5ஆம் தேதி அடுத்த ஆட்டம். கூட்டம் என்னைத்தான் கேட்கும். அதற்குள் உங்கள் பதில் வரவேண்டும்.

சேன் பான்

—

மே சொட்,
2 ஜூன் 2024

என் அண்ணே,

ததிஞ்சுட்டுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதுவரை பொறுக்க என்னால் ஆகாது. செயலால், சொல்லால், மனத்தால் செய்த பிழையைப் பொறுக்கவேண்டும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அறையில் மண்டியிட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருந்தேன். எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சண்டை, சாலை அடைப்பு, மா ட்வே வரவில்லை. மே ஐந்தாம் தேதி காலை கோ ஸியா கடைக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, கோச்சுக்காதீங்க. நீங்க இன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லலேன்னா, நீங்களும் அந்த ஆளும் ஒண்ணுன்னு பேசுறாங்க. கெடங்கு காலியாயிடும்.”

“காலியானா ஆகட்டும்.”

“உங்களுக்குச் சரி. வாரம்பூரா தையல் மெஷினுக்கு முன்னாடி குனிஞ்சு கெடந்துட்டு இதுக்குன்னே வர்றாங்களே, அவங்களுக்கு?”

நல்ல மனிதர், நியாயமாகத்தான் கேட்டார். ஆனால் நான் அந்தப் பெண்களுக்காகச் சொல்லவில்லை. மறுபடி அட்டையில் இருக்கும் அந்த ஆளாகிவிடுவேனோ என்று பயந்தேன். அதுதான் உண்மை.

மேடை ஏறினேன். முதல் வரிக்கு முன்னாலேயே பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்: “படௌக் எங்கே?”

நம் குழுவில் என்ன வழக்கம்? ஊரைக் கேலி செய்வதற்கு முன் சொந்தக் கூட்டாளியைக் கேலி செய்யவேண்டும். அவன் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் மேல் கைவைக்க உரிமை. அந்த வழக்கத்தைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

“படௌக்கா? அவரு ரொம்ப ஒசந்துட்டாருங்க. முன்னெல்லாம் வரி சொல்லிட்டு மேளக்காரனைப் பார்ப்பாரு. இப்போ வரி சொல்லிட்டு அதிகாரி வாயைப் பார்க்கிறாரு, இது சிரிக்கிற வரியா இல்லையான்னு.”

சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“அவரு முதுகைப் பார்த்தீங்களா படத்துல? கும்புட்டுக் கும்புட்டு அப்படியே வளைஞ்சு நின்னுபோச்சு.”

அண்ணே, பதக்க வரிக்கு வந்ததைவிடப் பெரிய சிரிப்பு. வாளிக்காரன் குச்சியையே கீழே போட்டுவிட்டான். நான் என்ன சொன்னேன் என்று சிரிப்பு அடங்கிய பிறகுதான் எனக்கே கேட்டது. அந்த முதுகு எதனால் வளைந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தன் அதைச் சொல்லிக் காசு பார்த்தான். பழக்கத்தில் இடதுபக்கம் திரும்பினேன். திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் செய்த கேலிக்குப் பெயர் கேலியில்லை, கோள்.

மா ட்வே நேற்றுத்தான் வந்தாள். தேயிலை மூட்டையைக் கடை வாசலில் போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்டா, ஒனக்கு அந்த வாயைக் குடுத்த சாமி கூடவே ரெண்டு கண்ணையும் குடுத்துருக்கக் கூடாதா?”

“என்னக்கா?”

“என்னக்காவா? மாசி மாசமே ஒங்க அக்கா வீட்டுக்குச் சீல் வெச்சுட்டாங்கடா. ஆறு துப்பும், காறித் துப்பும்னு இங்க நீ சொன்னதுக்கு அங்க அவளைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. தம்பி வந்து நின்னாத்தான் விடுவோம்னானுங்க. எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டோம், நானுந்தான், ஏன் பொய் சொல்லணும். அந்தக் கூனன்தான் போனான். பந்தல்ல ஆட ஒரு கோமாளியும் கெடைக்கல அவனுங்களுக்கு. நான் வர்றேன், அவளை விடுன்னான். அப்பவே அவளைக் கூட்டியாந்தான். திஞ்ஜானுக்குச் சொன்னபடி போயி ஆடுனான்.”

“எனக்கு ஏன் யாரும் சொல்லல?”

“சொன்னா ஒனக்கு வாய் கட்டிப்போயிடுமாம், அப்புறம் வரி சொல்ல மாட்டியாம். எங்க எல்லார் வாய்க்கும் பூட்டுப் போட்டுட்டான். இப்போ வெத்தலைக்காரன் அவனுக்குச் சுண்ணாம்பை அள்ளி வெச்சுக் குடுக்கிறான், வாய் வெந்து கெடக்கு. ஒங்க அக்கா மொஹிங்காவை ஒரு நாய் வாங்க மாட்டேங்குது, அவன் வீட்டு வாசல்ல விக்கிறாளாம்.”

இதைக் கேட்ட பிறகும் நான் மாவுக்குச்சி பொரித்தேன், அண்ணே. கை தானாகப் பொரித்தது.

இதற்கு ஒரே பரிகாரம்தான். வரும் 16ஆம் தேதி ஆட்டம் இருக்கிறது. மேடையில் ஏறி எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். படௌக் யார், எதற்குப் போனார், பதக்க வரியைக் கட்டியது யார், எல்லாம். கூட்டம் என்னைச் செருப்பால் அடிக்கட்டும். உங்கள் பெயர் துலங்கட்டும்.

உங்கள் பாதத்தில் தலைவைத்து,
சேன் பான்

—

மந்தலே,
9 ஜூன் 2024

டேய் முட்டாளே,

இந்தக் கடிதம் பதினாறுக்கு முன்னால் உன் கையில் கிடைக்காவிட்டால் தேயிலைக்குப் பதில் அவளையே ஊறவைப்பேன் என்று மா ட்வேயிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மேடையில் ஒன்றும் சொல்லாதே. ஒரு எழுத்துக்கூட.

காரணம் சொல்கிறேன், நின்று கேள். பந்தலில் ஆடிய பிறகும் எங்கள் வார்டு அதிகாரிக்கு என் மேல் சந்தேகம் போகவில்லை. “ஒன் கூட்டாளிக்கு வரி நீதானே அனுப்புற? அவன் மூளைக்கு இதெல்லாம் வராதே” என்று வாரம் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்பான். உன் மூளையைப் பற்றி அவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான். மே மாதம் ஒரு நாள் கூப்பிட்டான். போச்சு என்று போனேன். போனைத் திருப்பிக் காட்டினான். நீ. என் முதுகு.

“பார்த்தியா, ஒங்கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தானே, என்ன பேசுறான் பாரு” என்று சொல்லி எனக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தான். அன்றோடு கேள்வி நின்றது. அவன் நம்பிவிட்டான். நூறு பேர் சாட்சி சொல்லியிருந்தாலும் நடக்காததை உன் கேலி நடத்திவிட்டது. போன வாரம் உன் அக்கா வீட்டுக்கு வைத்த சீலையும் எடுத்துவிட்டார்கள். அவள் பழையபடி சந்து முனைக்குப் போய்விட்டாள். என் வாசலை விட்டு விலகியதும் மொஹிங்காவும் விற்கிறது.

இப்போது நீ ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்டால் திங்கட்கிழமை அது அவன் போனில் இருக்கும். உன் மனசு லேசாகும். அந்தச் சுமையை இங்கே உன் அக்கா சுமப்பாள். அதனால் நீ குற்ற உணர்ச்சியோடு இரு. அதுதான் உன் பங்கு. எனக்கு முதுகு, உனக்கு அது.

கேலியை நிறுத்தவும் கூடாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் என்னைத் திட்டு. திடீரென்று நிறுத்தினால் அவனுக்கு மூக்கு வியர்க்கும்.

கோபம் வந்ததா என்று கேட்பாய். வந்தது. அன்று ராத்திரி உன் அண்ணி என்னோடு பேசவே பயந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். முதுகைச் சொன்னதற்குக்கூட இல்லை, நீ பதில் வருவதற்குள் பாய்ந்துவிட்டாயே, அதற்கு. விடிகாலையில் அந்தப் படத்தை மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான் வேறொரு கோபம் வந்தது. டேய், அந்த வரியை நீ சரியாகச் சொல்லவில்லை! “கும்புட்டுக் கும்புட்டு” என்று அவசரமாக ஓடுகிறாய். முதலில் நீ நிமிர்ந்து நிற்கவேண்டும். “கும்புட்டு” என்று சொல்லிக் கொஞ்சம் குனி. இன்னொரு “கும்புட்டு”, இன்னும் குனி. குனிந்தபடியே, “இப்போ நிமிர முடியல, மேளக்காரரே, ஒரு கை குடுங்க” என்று வாளிக்காரனைக் கூப்பிடு. அவன் வரக்கூடாது. அங்கேதான் சிரிப்பு. அது வர இரண்டு அடி நில். அன்றைக்கும் நீ ஒரு அடியில் பாய்ந்தாய், நான் எண்ணினேன்.

பதில் சொல்ல ஆள் இல்லாத கேலி கோள் என்று எழுதியிருந்தாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். அதனால் என் பதிலை வைத்துக்கொள். மேடையில் எந்த நாளும் இதைச் சொல்லாதே. அந்த இரண்டு அடிக்குள் உன் காதுக்கு மட்டும் கேட்டால் போதும்.

“முதுகு வளையலைடா. நீ ஏறுவேன்னு குனிஞ்சு நிக்கிறேன்.”

இதுதான் என் முறை. இப்போது அது கேலி. கணக்குச் சரி.

இனிமேல் எழுதாதே. நானும் எழுதமாட்டேன். மா ட்வேயையும் சோதிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அவளுக்கு வயதான புருஷன் இருக்கிறான். வரிகளை இனி நீயே முடித்துக்கொள், உனக்கு வரும். அதிகாரி உன் படம் ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டுகிறான், என் முகம் கறுப்பதைப் பார்ப்பதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் முகத்தைக் கறுக்க வைத்துக்கொண்டு எண்ணுவேன். என்னைத் திட்டியபிறகு நீ இரண்டு அடி நின்றால், தம்பி நன்றாக இருக்கிறான் என்று எடுத்துக்கொள்வேன்.

செயல், சொல், மனம், மூன்றையும் பொறுத்தேன். நீடூழி வாழ்க. பல்லைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
படௌக்

—

மே சொட்,
17 ஜூன் 2024

அண்ணே,

இதை மா ட்வேயிடம் கொடுக்கமாட்டேன். எழுதாதே என்றீர்கள்; அனுப்பாமல் எழுதினால் அது எழுதின கணக்கில் வராது.

உங்கள் கடிதம் பதினைந்தாம் தேதி வந்தது. நேற்று நீங்கள் சொன்னபடியே செய்தேன். நிமிர்ந்து நின்றேன். “கும்புட்டு” என்று குனிந்தேன். இன்னொரு “கும்புட்டு”. இடுப்பு பிடித்துக்கொண்டது, உண்மையாகவே. இருபது வருடம் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று குனிந்தபடி நினைத்துக்கொண்டேன். ஒரு கை கொடுங்கள் என்றேன். வாளிக்காரன் வரவில்லை. கிடங்கு இடிந்து விழுவதுபோலச் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் உங்கள் பெயரைச் சொல்லித் தரையில் துப்பினாள். அவளைப் பார்த்து நானும் சிரித்தேன். கோ ஸியா தட்டிக்கொடுத்து, “இன்னிக்குத்தான் அண்ணே உங்க மனசு முழுசா நம்ம பக்கம் வந்திருக்கு” என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

ஆனால் அதெல்லாம் பிறகு. சிரிப்பு வருவதற்கு முன்னால், குனிந்த நிலையிலேயே இடதுபக்கம் திரும்பினேன். அதே பயற்று மூட்டை.

டக்.

டக்.

நின்றேன், அண்ணே. பாயவில்லை. உங்கள் முறை முழுதாக முடியும்வரை நின்றேன்.

சேன் பான்